போர்க்களமும் வழிப்போக்கரும்

விடுமுறைக் காலம் மனிதன் தன் கவலைகளைச் சற்றே இறக்கி வைத்தற்கென அமைத்துக்கொண்ட காலமாகும். போர்க்களமோ மானிடத் துயர் மிகச் செறிந்து கிடக்கும் இடம். இவ்விரண்டும் ஒன்றையொன்று விலகி நிற்றலே இயல்பென்று தோன்றும். எனினும் உலக வழக்கு அவ்வாறில்லை. பெல்ஜியத்தின் வாட்டர்லூ, பிரான்சின் வேர்டன், துருக்கியின் கலிப்பொலி, ஐக்கிய அமெரிக்காவின் கெற்றிஸ்பேர்க் ஆகிய களங்களை நாடி ஆண்டுதோறும் மக்கள் திரள்திரளாகச் செல்கின்றனர். அவருட் பெரும்பாலோர் அங்கே மடிந்தோரின் உறவினரல்லர், வரலாற்றாசிரியருமல்லர். மனைவி மக்களோடு மோட்டார் வண்டியிற் புறப்பட்டு, மலையும் அருவியும் கண்டு, இடையே ஒரு போர்க்களத்தையும் கண்டு மீள்வோரே அவர். காலையில் நீர்வீழ்ச்சியைக் கண்டு வியந்த கண்கள் மாலையிற் கல்லறைகளைக் காண்கின்றன. இவ்வாறு காண்டல் அறமாகுமா என்பதும், ஆகுமாயின் எவ்வகையால் ஆகும் என்பதும் ஆராயத்தக்க வினாக்களாகும்.

இவ்வழக்கம் அண்மையில் தோன்றியதன்று. 1815இல் வாட்டர்லூச் சமர் முடிந்து சின்னாட்கள் கழியுமுன்னரே பார்வையாளர் அக்களத்துக்கு வரத் தொடங்கினர். சிதறிக் கிடந்த குண்டுகளையும் சீருடைப் பொத்தான்களையும் நினைவுப் பொருள்களாகக் கொண்டு சென்றனர். 1861ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள், அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதற் பெருஞ்சமர் புல் றண் ஓடையருகே நிகழ்ந்தபோது, வாஷிங்ரன் நகரத்தார் சிலர் உணவுக் கூடைகளுடன் வண்டிகளில் வந்து தொலைவில் நின்று அதனைப் பார்த்தனர். மாலையில் தம் படை சிதறி ஓடிவந்தபோது அவர்களும் அதனோடு கலந்து ஓட நேர்ந்தது. பிறர் சாவை வேடிக்கையாகக் காண வந்தோர், தம் உயிர் காக்க ஓடியபோதுதான் அது வேடிக்கையன்று என உணர்ந்திருப்பர்.

போர்க்களச் சுற்றுலாவைக் கண்டிப்போர் கூறும் நியாயம் வலிமையுடையது. இறப்பு இறந்தவனுக்கும் அவன் சுற்றத்தாருக்கும் உரியது. அதனைப் பொழுதுபோக்குக்குப் பொருளாக்குவது அவனிடமிருந்து ஈற்றில் எஞ்சியதையும் பறித்துக்கொள்வதாகும் என்பர் அவர். ஒருவன் வேதனையில் துடித்து மடிந்த இடத்தில் மற்றொருவன் நிழற்படம் எடுத்துக்கொண்டு சிற்றுண்டி அருந்துவானாயின், அவ்விருவரும் ஒரே மனித இனத்தைச் சேர்ந்தோர் என்னும் உணர்வு எங்கே போயிற்று என்பதே அவர்தம் கேள்வி.

இதற்கு மறுதலையாகக் கூறப்படும் நியாயமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. துக்கங் கொண்டாடுவோர் மட்டுமே களத்தை நாடலாம் என விதித்தால், மூன்று தலைமுறைக்குள் அங்கே செல்வோர் எவருமிலர். மகனை இழந்த தாய் மறைவாள்; தந்தையை அறியாத மகனும் மறைவான்; அதன்பின் புல்லே அக்களத்தை ஆளும். இறந்தோரை நினைக்கும் கடமையை உறவினரிடமிருந்து ஏற்று நடத்தும் ஆற்றல் அயலாருக்கே உண்டு. அந்த அயலான் விடுமுறையில் வருகிறான் என்பது அவன் குற்றமாகாது. உழைத்துண்ணும் மனிதனுக்கு நெடும்பயணம் வாய்ப்பது விடுமுறையில் மட்டுமே.

இவ்விரு சாராரும் பார்வையாளனின் உளப்பாங்கையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவன் சிரித்தானா, தலை தாழ்த்தி நின்றானா என்பதிலேயே அவர்தம் வழக்கு அடங்கிவிடுகிறது. எனினும் உளப்பாங்கு மட்டும் போதிய அளவுகோலாகாது. ஒருவன் மிகுந்த பணிவோடு தலை தாழ்த்தி நிற்கலாம். அவன் எதற்குத் தலை தாழ்த்துகிறான் என்னும் வினா அப்போதும் எஞ்சும். போர்க்களம் இயற்கையாக அமைந்தது. நினைவுச் சின்னமோ ஒருவரால் எழுப்பப்பட்டது. எழுப்பியவர் தாம் நினைக்க விரும்பியதைக் கல்லில் எழுதினர். விரும்பாததை எழுதாது விட்டனர். எழுதப்பட்டதை மட்டும் படித்து வணங்கிச் செல்பவன், விடப்பட்டதைத் தானும் ஒருமுறை விட்டுவிடுகிறான். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் களம் ஒன்றுண்டு. அது மொன்ரானா மாநிலத்து லிற்றில் பிக்ஹோர்ண் ஆகும்.

அமெரிக்கக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் விரும்பிச் செல்லும் வழிகளுள் ஒன்று, தெற்கு டக்கோற்றாவின் பிளக் ஹில்ஸ் என்னும் கருங்குன்றுகளில் தொடங்கி மேற்கே யெலோஸ்ரோன் பூங்காவை நோக்கிச் செல்வது. கருங்குன்றுகளில் றஷ்மோர் மலையுண்டு. 1927க்கும் 1941க்கும் இடையில் சனாதிபதியர் நால்வரின் முகங்கள் அதன் பாறையிற் செதுக்கப்பட்டன. காலையில் அம்முகங்களை விட்டுப் புறப்படுவோர் பிற்பகலில் மொன்ரானாவின் புல்வெளியை அடைவர். மரங்கள் அரிதான, காற்று ஓயாத மேட்டு நிலம் அது. பெருஞ்சாலையிலிருந்து சிறிது விலகினால் குறோ இனத்தாரின் ஒதுக்கிட நிலத்தினுள்ளே இக்களம் கிடக்கிறது. குன்றின் உச்சியில் ஒரு கற்றூண். சரிவெங்கும் வெண்சலவைக் கற்கள். அங்கிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமான ஒரு வீதி மேடுகளின் முதுகின்மேற் சென்று களத்தின் மறுகோடியை அடைகிறது.

இங்கே நிகழ்ந்ததைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1868இல் லறமி கோட்டையிற் செய்யப்பட்ட உடன்படிக்கையால் கருங்குன்றுகள் லக்கோற்றா மக்களுக்குரியவை என ஐக்கிய அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. 1874இல் லெப்ரினன்ற் கேணல் ஜோர்ஜ் ஆம்ஸ்ற்றோங் கஸ்ரர் தலைமையிற் சென்ற படை அக்குன்றுகளில் பொன் இருப்பதை உலகறியச் செய்தது. பொன் தேடுவோர் திரண்டு புகுந்தனர். மறு ஆண்டு அரசு குன்றுகளை விலைக்குக் கேட்டது. லக்கோற்றாத் தலைவர் இணங்கினரல்லர். 1876 சனவரி 31க்குள் எல்லாரும் தமக்குரிய ஒதுக்கிடங்களை வந்தடைதல் வேண்டும் என்ற ஆணை, நடுக் குளிர்காலத்திற் பரந்த சமவெளியில் வேட்டையாடி வாழ்ந்த குழுக்களை நோக்கி விடுக்கப்பட்டது. வராதோர் பகைவராகக் கொள்ளப்பட்டனர். அவர்களைப் பிடிக்கச் சென்ற படைகளுள் ஒன்று கஸ்ரரின் ஏழாவது குதிரைப்படைப் பிரிவு.

1876ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆம் நாள், லக்கோற்றா, செயென் மக்களும் அறப்பாகோ இனத்தார் சிலரும் ஆற்றங்கரையிற் கூடாரமிட்டிருந்த பெருங் குடியிருப்பைக் கஸ்ரர் தாக்கினார். பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் நிறைந்த குடியிருப்பு அது. தம் படையைப் பிரித்துச் சென்ற அவர், தம்முடன் நேராகச் சென்ற ஏறத்தாழ 210 பேருடன் அம்மேட்டில் மடிந்தார். அவருள் ஒருவரும் தப்பவில்லை. இரு நாட் சமரில் அரச படையினரும் அவரோடு சென்றோருமாக 263 பேர் இறந்தனர். ஆதிக்குடிகளுள் இறந்தோர் தொகை திட்டமாகப் பதியப்படவில்லை. அறுபது முதல் நூறு வரை என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பாகும்.

சமரில் வென்றோர் லக்கோற்றாவும் செயென்னும் என்பதில் ஐயமில்லை. போரில் வென்றோரோ அவரல்லர். ஓராண்டு நிறையுமுன்னரே, 1877 பெப்ரவரியில், கருங்குன்றுகளை எடுத்துக்கொள்ளும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிற்று. கிறேசி ஹோர்ஸ் என்னும் தலைவர் அவ்வாண்டு மே மாதத்திற் சரணடைந்து, செப்ரெம்பரில் காவலிற் கொல்லப்பட்டார். சிற்றிங் புல் கனடாவுக்குச் சென்று, 1881இல் மீண்டு சரணடைந்தார். நினைவுச் சின்னம் எழுப்பும் உரிமை சமரில் வென்றோருக்கு வாய்ப்பதில்லை. போரில் வென்றோருக்கே வாய்க்கிறது. லிற்றில் பிக்ஹோர்ண் இதற்குத் தக்க சான்று.

1881இல் அக்குன்றின் உச்சியிற் கிறனைற் கல்லாலான தூண் நிறுத்தப்பட்டது. மடிந்த படையினரின் எச்சங்கள் அதன் அடியில் ஒருங்கே புதைக்கப்பட்டன. அவர்தம் பெயர்கள் தூணிற் பொறிக்கப்பட்டன. அவர்கள் ஏறிவந்த குதிரைகளின் எலும்புகளும் அக்காலத்திலேயே திரட்டிப் புதைக்கப்பட்டன. 1890இன் இளவேனிலில், படையினர் வீழ்ந்த இடங்களைக் குறிக்கும் வெண்சலவைக் கற்கள் சரிவெங்கும் நாட்டப்பட்டன. அதே ஆண்டு டிசெம்பர் 29ஆம் நாள், அதே ஏழாவது குதிரைப்படைப் பிரிவு தெற்கு டக்கோற்றாவின் வூண்டட் நீ என்னும் இடத்தில் 250க்கும் மேற்பட்ட லக்கோற்றா மக்களைக் கொன்றது. அவருட் பலர் பெண்டிரும் குழந்தைகளுமாவர். அச்செயலுக்காகப் படையினர் பலருக்கு வீரப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஒரு களத்தில் தன் இறந்தோருக்குக் கல் நட்ட அரசு, ஆண்டு முடியுமுன் மற்றொரு களத்திற் பிறரின் இறந்தோரைக் குழியிலிட்டு மூடிற்று. வூண்டட் நீயில் உறவினரும் உயிர் தப்பியோரும் தம் முயற்சியாலேயே ஒரு நினைவுக்கல்லை 1903இல் எழுப்பினர்.

லிற்றில் பிக்ஹோர்ணில் ஆதிக்குடி வீரருக்குக் கல் இல்லாமற் போனமைக்கு வேறொரு காரணமும் கூறப்படலாம். அவர்தம் உடல்களை உறவினர் அன்றே எடுத்துச் சென்று தம் மரபுப்படி அடக்கினர். ஆகவே களத்திற் புதைக்க உடல்கள் இருந்தில. இஃது உண்மையே. எனினும் அவ்வுறவினர் தம்மவர் வீழ்ந்த இடங்களிற் சிறு கற்குவியல்களை அமைத்தனர் என்பதும் உண்மை. ஆகவே நினைவு இல்லாமலில்லை. அதனைக் கேட்டறிந்து எழுதுவோரே இருந்திலர். வென்றோர் எழுப்பிய தூணும் தோற்றோர் குவித்த சிறு கற்களும் ஒரே சரிவிற் கிடந்தன. வழிப்போக்கர் தூணை மட்டுங் கண்டனர்.

களத்துக்கு இடப்பட்ட பெயர்களும் இவ்வகையிற் கருதத்தக்கவை. 1946 தொடக்கம் 1991 வரை அதன் அரச பெயர் கஸ்ரர் போர்க்களத் தேசிய நினைவிடம் என்பதாகும். தோற்ற தளபதியின் பெயராற் களம் அழைக்கப்பட்டது. அவர் மடிந்த மேட்டுக்கு வழங்கும் பெயரோ, இறுதிவரை நிலைத்து நின்ற குன்று எனப் பொருள்படும். நிலைத்து நிற்றல் என்பது காப்போருக்குரிய சொல். விடியலில் வந்து ஒரு குடியிருப்பைத் தாக்கத் திட்டமிட்டு, நண்பகலில் அதனைத் தாக்கியவர், ஒரே சொல்லால் முற்றுகையிடப்பட்டவராக மாறிவிட்டார். 1896இல் ஒரு மதுபான நிறுவனம் அக்காட்சியை அச்சுப் படமாக்கி நாடெங்கும் மதுக் கடைகளில் தொங்கவிட்டது. சிலர் சூழ நின்று வாளுயர்த்திய தளபதியையும், நாற்புறமும் நெருங்கும் பகைவரையும் அதிற் கண்டு வளர்ந்தோர், நதிக்கரையிலிருந்த கூடாரங்களையும் அவற்றினுள் இருந்த குழந்தைகளையும் எண்ணிப் பார்த்திரார். கல்லும் சொல்லும் படமும் பொய் எதனையும் வெளிப்படையாகக் கூறவில்லை. படையினர் மடிந்தது உண்மை. அவர் அஞ்சாது போரிட்டதும் உண்மை. உண்மையின் ஒரு பாதியைக் கல்லில் நிறுத்துவதே மறுபாதியைப் புதைக்கும் வழியாயிற்று.

இந்நிலை மாறுவதற்கு நூறாண்டுகளுக்கு மேற் சென்றன. 1988இல் ஆதிக்குடி இயக்கத்தினர் அப்பொதுக் கல்லறையருகே தம் வீரருக்கான ஓர் உலோகப் பலகையைத் தாமாகவே கொண்டுவந்து பதித்தனர். 1991 டிசெம்பரில், களத்தின் பெயரை லிற்றில் பிக்ஹோர்ண் என மாற்றுவதற்கும், ஆதிக்குடிகளுக்கு ஒரு நினைவிடம் அமைப்பதற்கும் சட்டம் நிறைவேறிற்று. 1999 முதல் செயென், லக்கோற்றா வீரர் வீழ்ந்த இடங்களிற் செந்நிறக் கிறனைற் கற்கள் நாட்டப்பட்டு வருகின்றன. பழைய கற்குவியல்களும் வாய்மொழி மரபும் அவ்விடங்களை அறிய உதவின. 2003 யூன் 25ஆம் நாள் புதிய நினைவிடம் திறக்கப்பட்டது. மண்ணை வட்டமாக அணைத்து அமைத்த அதன் சுவரில் ஒரு திறப்பு உண்டு. அத்திறப்பு படையினரின் கற்றூணை நோக்கியுள்ளது. இறந்த இரு சாராரின் ஆவிகளும் சந்தித்தற்கான வாயில் அது என்பது அமைத்தோரின் கருத்து. அவ்வட்டத்தினுள்ளே லக்கோற்றா, செயென், அறப்பாகோ மக்களோடு, அரச படைக்கு வழிகாட்டிகளாகச் சென்ற குறோ, அறிக்கறா இனத்தாரும் நினைக்கப்படுகின்றனர். குறோ மக்கள் படையோடு சேர்ந்தது காரணமின்றியன்று; அவர்தம் வேட்டை நிலங்களை லக்கோற்றா மக்கள் முன்னரே கைப்பற்றியிருந்தனர். துன்புற்றோரும் பிறருக்குத் துன்பம் செய்தோராக இருக்கலாம் என்பதையும் அவ்வட்டம் மறைக்கவில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். இரு சாராருக்கும் ஒப்பக் கல் நடுவது நீதியாகுமா? தன் குடியிருப்பைக் காக்க வந்தவனும் அதனை அழிக்க வந்தவனும் ஒரே மதிப்புக்குரியரா? நடுநிலை என்னும் பெயரால் குற்றம் மறைக்கப்படவில்லையா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. வரலாறும் இதனை எச்சரிக்கிறது. 1913 யூலையில், கெற்றிஸ்பேர்க் சமரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் இருதரப்பு முதுவீரரும் 50,000 பேருக்கு மேல் அக்களத்திற் கூடினர். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்ற கல்வேலியின் மேலாக அவர்கள் கைகுலுக்கிக்கொண்டனர். சனாதிபதி வில்சன் பகை மறந்தமையைப் போற்றிப் பேசினார். காண்போர் கண்ணீர் விட்ட காட்சி அது. ஆயினும் அப்போர் எதன் பொருட்டு எழுந்ததோ அந்த அடிமை முறையும், அதிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள் தெற்கில் மீண்டும் உரிமையிழந்து கிடந்தமையும் அவ்விழாவிற் பேசுபொருளாகவில்லை. இருவர் தம்முட் பகை மறந்தனர். அவர்களால் துன்புற்ற மூன்றாமவரை இருவருமே மறந்தனர்.

ஆகவே மூன்றினைப் பிரித்தறிதல் இன்றியமையாதது: இறப்பு, வீரம், நோக்கம். இறப்பு எவருடையதாயினும் இரக்கத்துக்குரியது. கஸ்ரரின் படையில் மாதம் 13 டொலர் சம்பளத்துக்குச் சேர்ந்த சாதாரண வீரர் பலர், அயர்லாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த வறியோர். உடன்படிக்கையை மீறுமாறு அவர் எவரிடமும் கேட்கப்படவில்லை; பொன்னிற் பங்கும் அவருக்கில்லை. அவர்தம் வெண்கற்களுக்கு முன் இரங்காத மனம் நன்மனமாகாது. வீரமும் எவரிடத்திருப்பினும் மதிப்புக்குரியது. நோக்கம் மட்டும் தீர்ப்புக்குரியது. இரக்கம் தீர்ப்பைத் தடுத்தலும், தீர்ப்பு இரக்கத்தைக் கொல்லுதலும் ஒருங்கே தவறாகும். இறந்தோர் பொருட்டு அவர்தம் நோக்கத்தைப் புனிதமாக்குவோர் ஒருபுறம் தவறுகின்றனர். நோக்கத்தின் பொருட்டு இறந்தோரை மிதிப்போர் மறுபுறம் தவறுகின்றனர். இரு சாராருக்கும் கல் நட்டபின் நோக்கத்தைப் பற்றிய வினா ஓய்ந்துவிடுவதில்லை. அவ்வினாவை நேர்மையாக எழுப்புவதற்கு வேண்டிய நிலை அப்போதே உண்டாகிறது. செங்கல் இல்லாத சரிவில் வெண்கற்களை மட்டும் கண்ட சிறுவன், இவர்களைக் கொன்றவர் யார் என்றே கேட்பான். இருவகைக் கற்களையும் ஒருங்கே காணும் சிறுவன், இவர்கள் இங்கே ஏன் பொருதனர் என்று கேட்பான்.

தோற்றவனைப் போற்றும் கடமையை ஈழத்து வரலாற்று மரபும் அறிந்திருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தின் தென்வாயிலருகே எல்லாளனைப் போரில் வீழ்த்திய துட்டகைமுனு, அவனுக்குரிய மரியாதைகளுடன் ஈமக்கடன் செய்வித்து, அவ்விடத்திற் சின்னம் எழுப்பி, அதற்கு வழிபாடு நிகழுமாறு பணித்தான் என மகாவம்சம் கூறும். இலங்கை அரசர் அவ்விடத்தை அணுகும்போது தம் வாத்தியங்களை ஒலியடங்கச் செய்யும் வழக்கம் தன் காலத்திலும் நிலவியதாக அந்நூலாசிரியர் எழுதுகின்றார். வென்றவன் பக்கம் நின்று எழுதப்பட்ட நூல் இதனைக் கூறுவது கருதத்தக்கது. எல்லாளன் சமாதியென நெடுங்காலம் கருதப்பட்ட மேடு தக்கிண தூபியே எனத் தொல்லியலாளர் பிற்காலத்திற் கூறியமையால், அச்சின்னம் நின்ற இடம் விவாதத்துக்குரியதாயிற்று. இவ்வாணையின் குறைபாட்டையும் மறைத்தலாகாது. அது மன்னனுக்குச் செய்த மரியாதை. இரு படைகளிலும் மடிந்த பெயரிலாருக்கு அங்கே கல் எதுவும் கூறப்படவில்லை. ஆயினும் வழிப்போக்கரைப் பற்றிய இவ்வாராய்ச்சிக்கு அவ்வழக்கத்தினின்று ஒரு தெளிவு கிடைக்கிறது. அரசரின் பயணம் அங்கே தடுக்கப்படவில்லை. அவர்தம் விழாவும் கைவிடப்படவில்லை. அவ்விடத்தைக் கடக்குமளவும் முழவு ஓய்ந்திருந்தாற் போதும் என்பதே வழக்கம். மகிழ்ச்சிக்கும் துயருக்கும் ஒரே வழியில் இடமுண்டு என்பதையும், ஒன்றுக்காக மற்றொன்று சற்றே விலகி நிற்றல் வேண்டும் என்பதையும் அது உணர்த்துகிறது.

பண்டைத் தமிழரின் நடுகற்களும் பெரும்பாலும் வழிமருங்கில் நின்றவையே. பாலை வழிச் செல்வோர் அவற்றிற் பொறிக்கப்பட்ட பெயரையும் செயலையும் கண்டறிந்து செல்லுதலும், எழுத்துத் தேய்ந்து படிக்கவியலாத கற்களும் சங்கச் செய்யுள்களிற் பேசப்படுகின்றன. கல் நட்டோர் உறவினராகவோ ஊராராகவோ இருக்கலாம்; அதனைப் படிப்போன் என எதிர்பார்க்கப்பட்டவன் வழிப்போக்கனே. ஆகவே அவன் அழையாத விருந்தாளியல்லன். நினைவுக்கல்லின் பணி அவன் கண்களிலேதான் நிறைவு பெறுகிறது. அதனாலேயே அவன் பொறுப்பும் பெரிதாகிறது. ஊரார் தம்மவருக்குக் கல் நடுவது இயல்பு. அவர்களிடம் மறுசாராரின் பெயரை எதிர்பார்த்தல் அரிது. எச்சாராருக்கும் கடப்பாடில்லாத வழிப்போக்கன் ஒருவனே, இங்கே கல்லில்லாதவர் யாவர் என அச்சமின்றிக் கேட்கக்கூடியவன்.

இவ்வினாவைக் கேட்பவன் லிற்றில் பிக்ஹோர்ணிலிருந்து வெறுங்கையுடன் திரும்பான். காலையில் தான் கண்டு வியந்த குன்றுகளே மாலையிற் கண்ட கற்களுக்குக் காரணம் என்பதை அவன் அறிவான். சனாதிபதியரின் முகங்கள் செதுக்கப்பட்ட நிலம், உடன்படிக்கையால் உறுதியளிக்கப்பட்டுப் பின்னர் எடுத்துக்கொள்ளப்பட்ட நிலமாகும். 1980இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், அந்நிலம் எடுக்கப்பட்டமைக்கு நியாயமான இழப்பீடு வழங்கப்படல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வட்டியோடு சேர்த்து 100 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட அத்தொகையை அம்மக்கள் ஏற்க மறுத்தனர். தமக்கு வேண்டியது பணமன்று, குன்றுகளே என்பது அவர்தம் நிலைப்பாடு. 1876இல் தொடங்கியது 1876இல் முடிந்துவிடவில்லை. றஷ்மோர் மலையையும் இக்களத்தையும் ஒரே பயணத்திற் கண்டும், இரண்டையும் தனித்தனிக் காட்சிகளாகவே நிழற்படத் தொகுப்பில் ஒட்டி வைப்பவன் நூற்றுக்கணக்கான மைல்கள் சென்றும் எங்கும் சென்றவனல்லன்.

குழந்தைகளோடு இத்தகைய களங்களுக்குச் செல்லலாகாது எனக் கூறுவோருக்கும் இதுவே விடை. குழந்தை புல்லில் ஓடும், பசியென்று அழும், கல்லுக்குப் பின்னே ஒளிந்து விளையாடும். இறந்தோர் அதனாற் சிறுமையுறார். அவருட் பலர் அக்குழந்தையின் அண்ணனாகும் வயதைத் தாண்டாதவர். பின்னர் வண்டியிலேறி அமர்ந்தபின், யார் வென்றார் என்று அது கேட்கும். அக்கேள்விக்குப் பெற்றோர் கூறும் விடையில்தான் அப்பயணத்தின் அறம் அடங்கியுள்ளது. தளபதி வீரமாக மடிந்தார் என்று மட்டும் கூறினால், தூணின் சொல்லை அவர்கள் திருப்பிச் சொன்னவராவர். சமரில் இவர் வென்றனர், போரில் அவர் வென்றனர், நிலம் இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று கூறுவாராயின், அக்குழந்தை விளங்காமல் விழிக்கலாம். ஆயினும் அது மற்றுமொரு கேள்வி கேட்கும்.

இதுகாறும் கூறியவாற்றால், போர்க்களத்தை விடுமுறையிற் காண்பது தன்னளவிற் குற்றமாகாது என்பதும், அங்கே மகிழ்ந்திருந்தமையும் குற்றமாகாது என்பதும் பெறப்படும். கல்லிற் கண்டதை முழுமையெனக் கொண்டு வினவாது அகலுதலே குற்றமாகும். நினைவுச் சின்னங்கள் எந்நாட்டிலும் முழுமையாக எழுதப்பட்டு நிறுத்தப்படுவதில்லை. சிலவற்றில் தோற்றோர் பெயரில்லை. சிலவற்றிற் பெண்டிர் பெயரில்லை. சிலவற்றிற் கல்லே இல்லை. எழுதப்படாத அப்பெயர்களைத் தேடும் கடமை, எழுதியோரிடமிருந்து அவ்வழியே செல்வோருக்கு வந்து சேருகிறது. லிற்றில் பிக்ஹோர்ணின் செந்நிறக் கற்கள் அக்கடமை ஒருமுறையேனும் நிறைவேறலாம் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. முதற் கல் நாட்டப்படுவதற்கு நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன என்பதையும் அவற்றைக் காண்போர் மறத்தலாகாது.